மிதவைக்குத் தெரியாதது

"அணு உலைக்குப் பக்கத்துலயே குடியிருந்துக்கிட்டு, கரண்ட் போச்சுன்னு எனக்கே போன் பண்றியா? ஊர் கேட்டா சிரிக்கும்."

எரிபொருள் பொறுப்பாளர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிரே நின்ற ஆய்வாளர் அம்மாளைப் பார்த்து அசடு வழிந்தார்.

"வீட்டுக்காரி, மேடம். குவார்ட்டர்ஸ்ல வாஷிங் மெஷின் காலையிலேயே பாதியில நின்னுடுச்சாம். ஃபியூஸ் போயிருக்கும். நீங்க ஆரம்பிங்க."

பழுதுபார்ப்புக்காக நிறுத்தியிருந்த உலையை மறுநாள் மறுபடி ஓட்டுவதாக ஏற்பாடு. எல்லா ஆய்வும் முடிந்து, டீசல் தொட்டி ஒன்றுதான் பாக்கி. அந்த அம்மாள் சரி என்றால் உலை ஓடும்; இல்லை என்றால் ஓடாது. மாலைக்குள் கையெழுத்து வாங்கிவிடுவதாகப் பொறுப்பாளர் இயக்குநரிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

உலையை நிறுத்தினாலும் உள்ளே சூடு இருந்துகொண்டே இருக்கும், அணைத்த அடுப்பின் தணல் மாதிரி. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரை ஓட்ட பம்புகள், பம்புகளுக்கு மின்சாரம். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல். அதனால்தான் ஒரு வாரத்துக்கான டீசல் மண்ணுக்கடியில் எப்போதும் இருக்க வேண்டும் என்று விதி.

"மீட்டர் ஃபுல்லுன்னு காட்டுது. அப்புறமும் குச்சி விட்டுப் பார்க்கணுமா?" என்றார் பொறுப்பாளர்.

"மீட்டர்ல இருக்கறது ஒரு மிதவை, சார். அதுக்கு மட்டம்தான் தெரியும். எதுல மிதக்குறோம்னு அதுக்குத் தெரியாது."

அவர் சிரித்தார். ஜெனரேட்டர் கூடத்திலிருந்து உறுமல் சீராக வந்துகொண்டிருந்தது. "கேளுங்க மேடம், என்னமா பாடுது. இன்னிக்கு மாசாந்திர டெஸ்ட். என் மச்சினன்தான் கண்ட்ரோல் ரூம்ல இருக்கான். உங்க காதுல விழட்டும்னே ரொம்ப நேரமா ஓட்டுறான் போல."

அம்மாளும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். இன்ஜினில் குறையில்லை. டெஸ்டுக்கு டீசல் எங்கிருந்து போகிறது என்று மட்டும் கேட்டாள்.

பொறுப்பாளர் உற்சாகமாக விளக்கினார். கூடத்துக்குள் இன்ஜின் பக்கத்திலேயே ஒரு சின்னத் தொட்டி. டெஸ்டுக்கு அதுவே போதும். ஒவ்வொரு டெஸ்டும் முடிந்ததும் டிரம்மில் டீசல் கொண்டுவந்து அதில் ஊற்றிவிடுவார்கள். பெரிய தொட்டியில் கை வைப்பதே இல்லை. அது ஆபத்துக்கு என்று அப்படியே பொத்தி வைத்திருக்கிறார்கள்.

"தொட்டி துருப்பிடிச்சு அடிப்பக்கத் தகடு மாத்துனதுக்கு அப்புறம் ஒரு சொட்டு எடுத்ததில்ல, மேடம்" என்றார் பெருமையாக.

அம்மாள் நீளக் குச்சியை எடுத்து, அடியிலிருந்து மேல் வரை ஒரு பசையைத் தடவினாள். டீசல் பட்டால் இந்தப் பசை நிறம் மாறாது, தண்ணீர் பட்டால் சிவந்துவிடும் என்றாள். எந்தத் தொட்டியிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கத்தான் செய்யும், ஒரு விரல்கடை சிவந்தால் பரவாயில்லை.

மூடியைத் திறந்தார்கள். அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள், புருவம் சுருங்கியது. குச்சியை இறக்கி, அடி தட்டியதும் சற்றுப் பொறுத்து வெளியே இழுத்தாள்.

குச்சி சிவந்திருந்தது. விரல்கடை இல்லை. அடியிலிருந்து மீட்டர் காட்டிய மட்டம் வரைக்கும், குங்குமத்தில் தோய்த்தது போல.

பொறுப்பாளர் வழிந்த சொட்டை உள்ளங்கையில் ஏந்தினார். பளிங்கு போல இருந்தது. மோந்து பார்த்தார். வாசனையே இல்லை.

"அடிப்பக்கம் மாத்துனப்போ ஒழுகுதான்னு பார்க்கத் தண்ணி நிரப்புனாங்களா?" என்று அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

நிரப்பினார்கள். வேலை முடிந்ததும் தண்ணீரை இறைத்துவிட்டு டீசல் ஊற்றுவது ஸ்டோர்காரர்கள் பொறுப்பு என்று பழுதுபார்த்தவர்கள் போய்விட்டார்கள். ஸ்டோர்காரர்கள் மீட்டரைப் பார்த்தார்கள். நிறைந்திருந்தது. நிறைந்த தொட்டிக்கு யார் டீசல் வாங்குவார்கள்?

பொறுப்பாளர் கழற்றி வைத்த மூடிமேலேயே உட்கார்ந்துவிட்டார். வாய் மட்டும் ஓடியது. "நாளைக்கே லாரி வந்துடும், மேடம். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கங்க. லைன் கரண்ட் இருக்கிற வரைக்கும் இந்தத் தொட்டி யாருக்கு வேணும்? ஒண்ணும் முழுகிப் போகலையே."

"லைன் கரண்ட் போனா? சின்னத் தொட்டி குறைஞ்சதும் பம்ப் தானா இதுலேர்ந்துதானே இழுக்கும்? இன்ஜினுக்குள்ள தண்ணி போனா மறுபடி ஸ்டார்ட்டே ஆகாது, சார். முதல்ல டெஸ்டை நிறுத்தி, அந்த பம்பை ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

அவர் கைபேசியில் மச்சினனைக் கூப்பிட்டார். "மாப்ளே, டெஸ்டு போதும். நிறுத்திடு."

"டெஸ்டா? மேடம் ஆய்வுக்கு வர்றாங்கன்னு அதை நாளைக்குத் தள்ளியாச்சே, அத்தான்" என்றான் மச்சினன், வழக்கமான கேலிக் குரலில். "அக்கா போன் பண்ணலையா? காலையிலேயே வெளி லைன் மொத்தமும் போயிடுச்சு. அப்போலேர்ந்து உலையைக் காப்பாத்துறதே நம்ம ஜெனரேட்டர்தான். சின்னத் தொட்டியும் காலி, இப்பதான் உங்க பெரிய தொட்டியிலேர்ந்து இழுக்க ஆரம்பிச்சுது. நீங்க கவலைப்படாதீங்க, மீட்டர் ஃபுல்லு காட்டுது."

பொறுப்பாளர் பதில் சொல்ல வாயெடுத்தார். கூடத்தில் பாடிக்கொண்டிருந்த இன்ஜின் ஒருமுறை விக்கியது.