தரையோடு தரையாக

கட்டிங் மெஷின் சுற்றத் தொடங்கியபோது மேஜர் வந்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மேல் கையை வைத்தார்.

மெக்கானிக் சட்டென்று விசையை விட்டார். தகடு முனகிக்கொண்டே நின்றது.

"கொஞ்சம் பொறு தம்பி. தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

மேஜர் பட்டாளத்து வாசலைக்கூட மிதித்தவர் இல்லை. அந்த மீசைக்கும் பச்சைத் தொப்பிக்கும் என் கணவர் வைத்த பெயர் அது. மலைச்சரிவிலும் காட்டாற்றிலும் வண்டி ஓட்டுவதையே விடுமுறை என்று நினைக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

என் கணவரின் டிரக் நான்கு முட்டுகளின் மேல் நின்றது. பின்பக்கப் பெட்டியைக் கழற்றியிருந்தார்கள். வெறும் எலும்பாகத் தெரிந்தது.

நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி. முன்சக்கரங்களை இழுக்க வைக்கும் ஆக்ஸிலும் நீண்ட தண்டும் கழன்று, மூலையில் எண்ணெய் வடியக் கிடந்தன. இனிப் பின்னிரண்டு மட்டும்தான் இழுக்கும். வண்டியைத் தரையோடு தரையாக இறக்க வேண்டுமானால் பின் ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டைக்கு மேலே ஏற்ற வேண்டும். அது மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்பதற்காகச் சேசிஸில் அரைவட்டமாக வெட்ட வேண்டும்.

"கழட்டினத என்னைக்கு வேணும்னாலும் மாட்டிக்கலாம்க்கா. சேசிஸ வெட்டிட்டா வெட்டினதுதான்" என்று மெக்கானிக் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் வெட்டச் சொன்னேன்.

"இந்த மாதிரி வண்டி இனிமே தேடினாலும் கிடைக்காது" என்றார் மேஜர். "இதப் போயி ஷோரூம் பொம்மை மாதிரி ஆக்கப் போறீங்களே. ஒரு வேகத்தடை வந்தா வயித்தத் தேச்சிக்கிட்டுப் போகும். அவன் இருந்தா விட்டிருப்பானா?"

"அவர் இருந்தா நான் எதுக்குண்ணே இந்தக் கரியில வந்து நிக்கப் போறேன்?"

மெக்கானிக் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தார்.

போன மாதம் என் மகளுக்கு லைசென்ஸ் வந்தது. கியர் மாற்றும்போது அவள் அப்பாவைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். சென்ற வாரம் போனும் கையுமாகச் சமையலறைக்கு வந்தாள்.

"மேஜர் மாமா கூப்பிட்டாரும்மா. மழை விட்டதும் ஆத்துக்குப் போறாங்களாம். அப்பா வண்டிய எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு."

அடுப்பை அணைத்தேன். என்ன சமைத்துக்கொண்டிருந்தேன் என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

விற்றுவிடலாமே என்று மெக்கானிக் கேட்டார். வாங்குகிறவனும் ஆற்றுக்குத்தான் ஓட்டுவான். அவன் வீட்டிலும் ஒருத்தி காத்துக்கொண்டு இருப்பாள்.

மகளுக்கு அவள் அப்பாவின் வண்டி வேண்டும். இருக்கட்டும். தார் ரோட்டில் ஓட்டட்டும். ஒரு மேடு கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து இறங்கட்டும். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வந்து பார்த்தால் என்னோடு பேச மாட்டாள்.

பேசாமல் இருக்கட்டும். இருந்தால் போதும்.

என் கணவர் போன அன்றும் மழைதான். ஆற்றின் நடுவில் ஒரு வண்டி நின்றுபோயிற்று என்று போன் வந்தது. கையைத் துடைத்தபடியே கிளம்பினார். போக வேண்டாம் என்றேன். "நாலு சக்கரமும் இழுக்குற வண்டிய வாசல்ல நிறுத்திக்கிட்டு, போகாம எப்படிடீ இருக்கிறது?" என்றார்.

உதவிக்குப் போன மற்ற வண்டிகள் சேற்றுச் சரிவிலேயே திரும்பிவிட்டனவாம். இது ஒன்றுதான் தண்ணீர்வரை இறங்கியது.

இதுவும் திரும்பியிருக்கலாம்.

வண்டி மறுநாள் வீட்டுக்கு வந்தது. முதல் சாவிக்கே கிளம்பியதாம். அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மேஜர் சொல்லிக்கொண்டிருந்தார்: "வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. என்ன மாதிரி வண்டி தெரியுமா?" என் காதில் விழுந்தது. அன்று எழுந்து கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது மேஜர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"தங்கச்சி, பாப்பாவுக்கு அவ அப்பன் கை அப்படியே வந்திருக்கு. அத முடக்கிடாதீங்க. நாங்க இத்தனை பேரு கூட இருக்கோம். அவளுக்கு ஒண்ணு ஆக விட்டுடுவோமா?"

நான் சேசிஸை ஒட்டிப் போய் நின்றேன்.

"கைய எடுங்கண்ணே."

அவர் சிரித்தார். சின்னப் பிள்ளை அடம் பிடிப்பதைப் பார்த்துச் சிரிப்பதுபோல. கை அங்கேயே இருந்தது.

நானே அதைப் பிடித்து இரும்பிலிருந்து எடுத்துவிட்டேன். கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. சட்டையின் கை மேலேறி, மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு தழும்பு தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"வெட்டு தம்பி" என்றேன்.

தீப்பொறி என் புடவைவரை பறந்து விழுந்தது. நான் நகரவில்லை.

அன்று ஆற்றின் நடுவில் நின்றுபோனது மேஜரின் வண்டி. என் கணவர் நீந்திப் போய், கொண்டுபோன கயிற்றை அந்த மணிக்கட்டில் சுற்றிக் கட்டி, இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவரோடு வண்டியில் போய்க் கரையில் நின்றவர்கள் மேஜரை இழுத்துப் போட்டார்கள். அதற்குள் வெள்ளம் என் கணவரை அடித்துக்கொண்டு போயிற்று.

இன்னொரு கயிறு யாரிடமும் இல்லை.