பொறிக்கு வந்த விருந்தாளி

ஆராய்ச்சிப் பண்ணையின் மருந்தடிக்காத கத்தரி வயலில், குச்சியில் கட்டிய பிளாஸ்டிக் பொறி ஒன்று தொங்கியது. பெண் அந்துப்பூச்சியின் வாசத்தை ரப்பர் துண்டில் ஏற்றி அதற்குள் வைத்திருந்தார்கள். ஆண் பூச்சிகள் அடித்துப் பிடித்து வந்து, "அவ எங்கே?" என்று கேட்டபடியே உள்ளே விழுந்து செத்தன. பொறியை ஒன்றுகூட ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் வாசம் தீர்ந்தது. அப்புறம் யாரும் வரவில்லை.

ஒரு மழை நாளில் பூச்சி ஒன்று வந்து விளிம்பில் உட்கார்ந்தது.

"அவ இங்க இல்லப்பா," என்றது பொறி.

"எவ? நான் உன்னைப் பார்த்துத்தான் வந்தேன். கொஞ்சம் ஒதுங்கிக்கட்டுமா?"

பொறிக்குத் தலைகால் புரியவில்லை. "நனையுறியே! உள்ள வா, வந்து உட்காரு!"

பூச்சி உள்ளே போனது. போனால் திரும்ப வழியில்லை என்பது அதற்குப் பிறகுதான் பொறிக்கு நினைவு வந்தது.