களிமண்ணில் விரல் தடம்

அன்று காலை பீப்பாயடியில் நாலு பேர். வத்தேகம மாதர் சங்கத் தலைவி ஞானேஸ்வரி, உறுப்பினர்கள் ருக்கியா, கஜனி, வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தபாலதிபர் வீரசிங்கம்.

இரும்புப் பீப்பாய்க்குள், கரியாக்குவதற்காகத் தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய குச்சிகள். முந்தாநாள் மூடியைச் சுற்றிக் களிமண் அப்பி, அடியில் தீ மூட்டியிருந்தார்கள். ஆறும்வரை உள்ளே காற்றுப் போகக் கூடாது. போனால் கரி சாம்பலாகிவிடும்.

ஏற்கெனவே இரண்டு தடவை சாம்பல். இன்றைக்கும் சாம்பலென்றால் நாற்று மண்ணில் கலக்கக் கரி கேட்டிருந்த பேராதனை நர்சரிக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

ஞானேஸ்வரி குனிந்து பார்த்தார். "இந்தா, மண்ணுல விரல் தடம்! தடிச்ச விரல். ஆம்பள விரல்."

மூவரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். புகை, புகை என்று தினமும் சண்டைக்கு வருகிற மனிதர்.

"ஐயா, இது உங்க விரலா?"

"ஓம், என்ர விரல்தான்."

"எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

"மண் போட்டது உண்மை பிள்ளை. ஆக்கள் திறந்துபோட்டுப் போக, நான் திரும்பப் பூசி அடைச்சனான். புகை என்ர வீட்டுக்கெல்லோ வருது."

"யாரு தொறந்தது?"

"அதை என்னட்டக் கேக்காதேங்கோ."

ருக்கியா மூடியைத் தொட்டுக் காட்டினாள். "நான் ஒருக்காத்தான் தூக்கிப் பாத்தேன் அக்கா. ஆயிருச்சான்னு."

"நானும் ஒருக்கா," என்றாள் கஜனி. "சோத்துப் பானையப் பாத்துப் பாத்துப் பழகின கை."

ஞானேஸ்வரி துள்ளினார். "அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்? பொறுமையில்லாதவங்களுக்கு சங்கத்துல இடமில்ல! கரி மட்டும் சாம்பலா இருக்கட்டும், இன்னைக்கே பேர வெட்டிருவேன்!"

மண்ணை உடைத்தார்கள். மூடியைத் தூக்கும்போது ருக்கியா கண்ணை மூடிக்கொண்டாள்.

கலகலவென்று சத்தம். உள்ளே கறுகறுவென்று மினுங்கியது கரி. கஜனி ஒரு ஆட்டமே போட்டாள்.

"ஐயா இல்லன்னா இன்னைக்கும் சாம்பல்தான்," என்றாள் ருக்கியா. "எத்தன தரம் மண் பூசினீங்க?"

"ஒவ்வொருக்காத் திறக்கவும் ஒவ்வொருக்காப் பூசினனான். அஞ்சு தரம்."

தலைவி தலை நிமிராமல் சாக்குகளை மும்முரமாக விரித்துக்கொண்டிருந்தார்.

ருக்கியா விரல் விட்டு எண்ணினாள். தன்னுடையது ஒன்று. கஜனியுடையது ஒன்று.

மிச்சம் மூன்று.