கோவைப் புலி

தணிகைவேலுக்கு ஜெயிக்க ஜெயிக்கப் பயம் பிடித்தது. பத்து ரூபாய் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கர்தான். அதிலும் மாதக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருப்பவன். இன்றோ ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றினாலும், எதிரில் ஆடும் 'கோவைப் புலி' பணத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறது. ஒருமுறை கவிழ்த்த சீட்டைக் கைதவறிக் காட்டியும்விட்டது. இரண்டும் ஏஸ். அதைவிடப் பெரிய கை போக்கரில் யாருக்கும் முதலில் வராது.

"வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டுக்குத் தண்ணி தெளிக்கிறானுங்க," என்று முணுமுணுத்தான்.

'யார்ரா நீ?' என்று சாட்டில் தட்டினான்.

'என்னங்க, போதும். படுங்க' என்று பதில் வந்தது.

கோயம்புத்தூரில் ஆணுக்கு ஆணே அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனாலும் அவன் கண் படுக்கையறைக் கதவுக்குப் போனது. சாப்பிட்டதுமே தூங்கப் போய்விட்ட அவன் மனைவி சுகந்தி, கல்யாணமான நாளிலிருந்து அவன் பெயரைச் சொன்னதில்லை. எதற்கும் 'என்னங்க'தான்.

"சுகந்தி, குடிக்கத் தண்ணி கொண்டா," என்று குரல் கொடுத்தான்.

கோவைப் புலி ஆட்டத்திலிருந்து விலகிவிட்டதாகத் திரை சொன்னது. சற்றுக் கழித்துச் சமையலறையில் டம்ளர் உருண்டது.

சுகந்தி பெரிதாகக் கொட்டாவி விட்டபடி வந்து நின்றாள். "இன்னும் தூங்கலையா? ஜெயிச்சீங்களா?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "எங்க? எல்லாம் போச்சு."

கொட்டாவி பாதியில் நின்றது.

"அதெப்படிப் போகும்?" என்றாள்.