தேங்காய் எண்ணெய்

“வண்டி யாரோடதும்மா?”

சபாபதி காரைத் தொடவில்லை. குனிந்து எஞ்சினைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“எங்க வீட்டுதுதாண்ணே. ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது.”

திருப்பாதிரிப்புலியூரில் அவர் நடத்துவது ஸ்கூட்டர் பட்டறை. ரிமோட்டில் ஓடும் நைட்ரோ கார்களையும் பார்ப்பார். முழங்கை நீளத்தில் ஒரு கார், அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் நிஜ எஞ்சின். விலை ஒரு பழைய ஸ்கூட்டருக்குக் குறையாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அதை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லோரையும் அவருக்குத் தெரியும். இவளைத் தெரியாது.

பெயர் கயல்விழி என்றாள். புவனகிரியிலிருந்து பஸ்ஸில் வந்தாளாம். காரை அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மேல்மூடிக்குப் புதிதாகச் சிவப்பு அடித்திருந்தது; வீட்டில் அடித்தது, ஓரமெல்லாம் வழிந்திருந்தது. பில் இருக்கிறதா என்றார். இல்லை என்றாள். எங்கே வாங்கியது என்றார். ஆன்லைனில் பழையதாக வாங்கியது, விற்றவன் பெயர் தெரியாது என்றாள்.

அவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்றும் சொன்னார். போன வருஷம் சிதம்பரத்தில் இந்தக் கார்களுக்கு ரேஸ் நடந்த அன்று, ரேஸ் கிளப் அறையிலிருந்து இதே மாதிரி ஒரு கார் காணாமல் போனது. அறைச் சாவி எழிலன் என்பவனிடம் இருந்தது. அவன்தான் எடுத்து விற்றுவிட்டான் என்று கேஸ் ஆனது. பார்த்துக்கொண்டிருந்த வேலையும் போய்விட்டது. அடுத்த மாதம் தீர்ப்பு, அநேகமாக உள்ளேதான் போவான்.

“இதுதான் அந்த வண்டின்னு நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா, நீ பஸ் ஏறிப் பூடுவ. நான்ல பதில் சொல்லணும்?”

“நீங்க இந்த வண்டிய முன்னாடி பாத்திருக்கீங்களா?”

“நானா? கண்ணால கண்டதில்ல.”

“அப்ப உங்களுக்கு என்னாத்துக்குப் பயம்?”

சபாபதி காரைத் தன் பக்கம் இழுத்தார். அதற்குள் அவள் போனை எடுத்து கிரீஸ் டப்பாவில் சாய்த்து வைத்தாள். வேலை முடியும்வரை வீடியோ எடுக்க வேண்டுமாம். நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு டுபாக்கூர் பார்ட்டைப் போட்டுவிடுகிறார்களாம்.

“என்னையே சந்தேகப்படுறியா?”

“நீங்க என்னைப் படலியா?”

எடுத்துக்கொள் என்று கையை வீசினார்.

காரை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் வைத்து அழுத்தினார். பெட்டியின் ரப்பர் சக்கரம் எஞ்சினின் ஃப்ளைவீலை உரசிச் சுற்றியது. ஃப்ளைவீல் சுற்றியதே தவிர, எஞ்சின் அசையவில்லை. தண்டில் பிடிப்பு இல்லாமல் சறுக்குகிறது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்றார். எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த கருவிகளை எடுத்தார். வாய் எழிலனைத் திட்டிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஆலன் கீ, பன்னிரண்டாம் நம்பர் டி-ஸ்பேனர், கட்டிங் பிளேயர், பிரேக் கிளீனர். பழைய பனியன் துணியை விரித்து எல்லாவற்றையும் அதன்மேல் வைத்தார்.

நாலு ஸ்குரூவைக் கழற்றி எஞ்சினை வெளியே எடுத்தார். முன்னால் கிண்ணம் மாதிரி மூடியிருந்த கிளட்சைப் பிரித்தார். அப்புறம்தான் உள்ளே இருந்த நட்டு கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்பேனர் போட்டதும் எதிர்ப்பே இல்லாமல் திரும்பியது. ஃப்ளைவீல் கையோடு வந்துவிட்டது. அதைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் பித்தளைக் கூம்பு சொட்டு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். இதில் பளபளவென்று எண்ணெய். விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

“தேங்கா எண்ணெ.”

விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

“நைட்ரோ வண்டிக்குள்ள தேங்கா எண்ணெ எப்பிடிம்மா வந்துச்சு? நட்டும் தானா லூஸ் ஆனதில்ல. எவனோ வேணும்னே பண்ணியிருக்கான். வண்டி உன்னுதுதானா? உண்மையச் சொல்லு.”

“நான்தாண்ணே பண்ணேன்.”

சபாபதி நிமிர்ந்தார்.

“நட்ட லூஸ் பண்ணி, எண்ணெ தடவித்தான் எடுத்துட்டு வந்தேன். நம்ம பக்கத்துல இந்த எஞ்சினத் தொடறவங்க மொத்தம் அஞ்சு பேரு. நாலு பேருகிட்டப் போயிட்டு வந்துட்டேன். அவுங்க சரி பண்ணிக் குடுப்பாங்க. நான் வூட்டுக்குப் போயி திரும்ப எண்ணெ தடவுவேன்.”

“பைத்தியமா உனக்கு?”

“எழிலன் என் வூட்டுக்காரரு.”

ஸ்பேனரைத் துணிமேல் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கயல்விழி குரலை உயர்த்தாமலே சொன்னாள். ஆன்லைனில் வாங்கியது நிஜம்தான்; ஆனால் இது கிளப் வண்டி, எஞ்சின் நம்பர் ஒத்துப்போகிறது. போலீஸில் கொடுத்தால், இவன் விற்றதுதான் சுற்றிச் சுற்றித் திரும்ப வந்திருக்கிறது என்பார்கள். ஆனால் எழிலன் கையில் இருந்தவரை, உள்ளே இருந்தது கம்பெனி நட்டு, பத்தாம் நம்பர். திருடு போன பிறகுதான் யாரோ அதை எடுத்துவிட்டுப் பெரிய நட்டு மாட்டியிருக்கிறார்கள்.

“அந்த நாலு பேரும் மொதல்ல பத்தாம் நம்பர் ஸ்பேனரத்தான் எடுத்தாங்கண்ணே. கிளட்சப் பிரிச்சுப் பாத்து, அது சேராம, அப்புறம்தான் எழுந்து போயி பன்னெண்டத் தேடுனாங்க.”

அவள் போனை எடுத்து, வீடியோவை நிறுத்தினாள்.

“கண்ணால கண்டதில்லன்னு சொன்ன நீங்க ஒருத்தர்தான், மூடியிருக்கறப்பவே பன்னெண்ட எடுத்து வெச்சீங்க.”