பின்னால ரெண்டு அடி

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற அந்த வீட்டு வேனைப் பின்னோக்கி எடுப்பதென்றாலே கணக்கு வாத்தியாருக்குக் குலைநடுக்கம். போன வாரம் தங்கிய முகாமில் தண்ணீர்க் குழாயை இடித்துத் தள்ளியிருந்தார்.

"இன்னொரு தடவை எதையாவது இடிச்சீங்க, நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று எச்சரித்துவிட்டு, இந்த முகாமில் தங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு வழிகாட்ட மனைவி கீழே இறங்கினாள்.

வாத்தியார் ரிவர்ஸ் கியரைப் போட்டார். பக்கக் கண்ணாடியில் வெயில் கூசியது. அசையும் கை ஒன்று மட்டும் தெரிந்தது.

"இடது பக்கம்... மெதுவா. அவசரமே இல்ல."

ஸ்டியரிங்கை ஒடித்தார்.

"அப்படித்தான்! இப்ப நேரா வாங்க. பின்னால ரெண்டு அடி."

வந்தார்.

"போதும். பிரமாதமா பண்றீங்க!"

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் கேட்டிராத வார்த்தை. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பூரிப்போடு பின்பக்கம் போனார்.

அங்கே பன்னிரண்டு பேர் கண்ணை மூடி, கையைத் தூக்கியபடி வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரே உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்.

"நீங்களும் வகுப்புல சேரணுமா சார்?"

மூச்சிரைக்க ஓடிவந்தாள் மனைவி. "நம்ம இடம் அந்தக் கோடியில இருக்குங்க! கத்திக் கத்தித் தொண்டையே போச்சு!"

வாத்தியார் வேனைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பிப் பணிவாகக் கேட்டார்:

"நாளைக்கு வண்டியை வெளிய எடுக்கணும். வகுப்பு எத்தனை மணிக்கும்மா?"