வருஷத்துக்கு ஒரு பழசு

"வருஷா வருஷம் கம்ப்யூட்டரை மாத்தற மனுஷனை நீ எங்கியாவது பார்த்திருக்கியாக்கா?"

போன்ல என் தங்கச்சி சமீனா. அழுதுடுவா போல இருந்தது.

"யாரடி சொல்ற? நம்ம நியாஸையா?"

"வேற யாரு? அந்த ஏரோப்ளேன் கேமுக்கு கம்ப்யூட்டர்ல இருக்கற படம் காட்டற கார்டு பத்தலையாம். புதுசு வாங்கிடுச்சாம் அண்ணன். பழசை ஞாயித்துக்கிழமை கொண்டாந்து எங்க கம்ப்யூட்டர் பெட்டியில மாட்டறேன்னு சொல்லுது. எங்க தலையில பழசுதான்னு எழுதி இருக்கா?"

எனக்கு ஏறிச்சு பாருங்க கோபம்!

நியாஸ் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொறந்தவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிஞ்சு வந்தா கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் ஓட்ட உக்காந்துடுவான். 'மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தினா போதும் பாய்'னு மெட்ராஸ் ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைக்காரரே சொன்னாராம். இவன் கேட்டாத்தானே? மேகம் சரியா தெரியலன்னு ஒரு வருஷம், ரன்வே தெரியலன்னு ஒரு வருஷம்.

கழட்டின பழசெல்லாம் எங்க போவும்? புதுவாயலுக்கு, சமீனா ஊட்டுக்கு.

அவ புருஷன் தமீம் அன்சாரி அங்க ஸ்டுடியோ வச்சிருக்கார். கல்யாண வீடியோ எடுத்து, கம்ப்யூட்டர்ல மிக்ஸிங் பண்ணி சிடி போட்டுத் தர்றார். தங்கமான மனுஷன். எங்க ஊட்டுலருந்து ஒரு குண்டூசி வேணாம்னு சொல்லி, அவரே பொண்ணுக்கு மஹர் பணம் குடுத்து என் தங்கச்சியைக் கட்டினவர். இந்த முகூர்த்த சீசன்ல வேலையை நேரத்துக்கு முடிச்சுக் குடுக்க முடியலன்னா, கடையை மூடிட்டு சவூதிக்குப் போய்டறேன்னு சொல்லிக்கினு இருக்கார். சமீனா மாசமா இருக்கா.

தங்கச்சி குடும்பம் இப்படித் தத்தளிக்குது, இவனுக்கு ஆகாயத்துல பறக்கணுமாம்!

மறுநாளே கிளம்பிட்டேன். பழவேற்காட்டுலருந்து பொன்னேரி போய், பஸ் மாறி, கும்மிடிப்பூண்டியில எறங்கறவரைக்கும் இன்னா இன்னா கேக்கணும்னு மனசுக்குள்ள அடுக்கிக்கினே போனேன்.

கதவு தொறந்தே இருந்தது. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சேன்.

"ஏன்டா, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு..."

ஒத்தைச் செருப்போட உள்ள எட்டிப் பார்த்தேன்.

ஹால்ல பேப்பரை விரிச்சுப் போட்டு புருஷனும் பொண்டாட்டியும் உக்காந்திருந்தாங்க. பக்கத்துல அப்பதான் பிரிச்ச அட்டைப் பெட்டி. நடுவுல பளபளன்னு ஒரு கம்ப்யூட்டர் கார்டு. நியாஸ் கையில முறம், அதுல ஊடு பெருக்கின தூசி. அவன் பொண்டாட்டி ஹஸ்னா பல்லு விளக்கற பழைய பிரஷ்ஷால அந்தத் தூசியைத் தொட்டுத் தொட்டு, கார்டு மேல தடவிக்கினு இருந்தா.

"அந்தப் பக்கம் படாம பார்த்துக்கோ, கனெக்‌ஷன் போயிடும்"னு இவன் வேற சொல்லிக்கினு இருந்தான்.

"இன்னாடா பண்றீங்க?"

"ஐயோ அக்கா!" ஹஸ்னா முந்தானையால கார்டை மூடினா.

நியாஸ் தலையைச் சொறிஞ்சான்.

"புதுசுக்கா. மச்சானுக்கு."

"பழசுன்னு சமீனா சொன்னாளே?"

"பழசுன்னாத்தான் அவரு வாங்குவார். மொதல்ல புது கம்ப்யூட்டரே கொண்டுபோய் எறக்கினேன். பெட்டியைக்கூடப் பிரிக்கல. 'ஒண்ணும் வாங்க மாட்டேன்னு ஜமாத்துல சொல்லிட்டுக் கட்டினேன் மச்சான். இத்த வாங்கினா நான் சொன்னது பொய்யாயிடும், தப்பா எடுத்துக்காதீங்க'ன்னு அவரே ஆட்டோ வச்சுத் திருப்பி அனுப்பிட்டார். 'நீங்க வேணாம்னு தூக்கிப் போடறது எதுனா இருந்தா குடுங்க, அது சீர்ல சேராது'ன்னார். அந்த வார்த்தையைக் கெட்டியா புடிச்சிக்கினேன்."

"அப்ப, வருஷா வருஷம் நீ குடுத்தது?"

"எல்லாமே புதுசுதாங்கக்கா" னு சொன்னா ஹஸ்னா. "ஏரோப்ளேன் கேமுக்கு இன்னா கார்டு வேணுமோ, அதேதான் வீடியோ மிக்ஸிங்குக்கும் வேணும். கேம் பைத்தியம்னு சொல்லிட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு இவருதான்..."

"அப்ப உன் ஏரோப்ளேன் எதுலடா ஓடுது?"

நியாஸ் சிரிச்சுக்கினே போய்த் தன் கம்ப்யூட்டரைப் போட்டான். வாப்பா இருந்தப்ப வாங்கின அதே பெட்டி. ஹஸ்னா டீ போட்டு, நான் குடிச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் ஏரோப்ளேன் வந்தது. அதுவும் விக்கல் எடுத்தவன் மாதிரி நின்னு நின்னு ஓடிச்சு.

"வானத்துல ஒரு மேகத்தைக்கூடக் காணோமேடா?"

"மேகத்தை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்க்கா. இல்லன்னா அப்படியே நின்னுடும். மேகம் இல்லன்னா இன்னா, பறக்குது இல்ல?"

இவனைத் திட்டவா ரெண்டு பஸ் ஏறி வந்தேன்? கிட்ட கூப்பிட்டு, சின்னப் புள்ளையில செஞ்ச மாதிரி அவன் தலையைத் தடவிக் குடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடிச்சுது. சமீனா!

'சொல்லிடாதக்கா'ன்னு நியாஸ் கையெடுத்துக் கும்பிட்டான்.

நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கினு, கீழே உக்காந்து, ஹஸ்னா கையிலருந்து பிரஷ்ஷை வாங்கினேன். கார்டோட ஒரு ஓரம் இன்னும் பளபளன்னு இருந்தது.

"அண்ணனைக் கேட்டியாக்கா?"

"கேட்டேன்டி, நல்லா நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேன். அவன் எங்க திருந்தப் போறான்?" முறத்துலருந்து தூசியைத் தொட்டு அந்த ஓரத்துல அழுத்தித் தடவினேன். "நானே கண்ணால பார்த்தேன், ஒரே தூசி, ஒரே அழுக்கு. உன் புருஷன்கிட்ட சொல்லிடு, இந்த வருஷமும் பழசுதான்!"